சுடரறியும் கம்பி

கையை ஆட்டாதையும் என்கிறார். நான் எங்கே ஆட்டுகிறேன், குளிர்தான் ஆட்டுகிறது. அதை என் மனுசனுக்குச் சொல்லி என்ன வரப்போகிறது, ரோர்ச் விளக்கை இரண்டு கையாலும் பிடித்து முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறேன். குசினிச் சுவரில் தொங்கும், வீட்டைச் சூடாக்கும் பொயிலரின் முன்மூடியைக் கழற்றிக் கதவோரம் சாத்தியிருக்கிறார். மூடி இல்லாத பொயிலரைப் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை, ஆஸ்பத்திரியில் போர்வை விலகிக் கிடக்கும் யாரோ ஒருவரைத் தற்செயலாகப் பார்த்துவிட்டதுபோல ஒரு கூச்சம். உள்ளே செம்புக் குழாய்கள், வயர்கள், நடுவில் நெருப்பு இருக்கவேண்டிய பெட்டி, அதில் இப்போது நெருப்பு இல்லை. நேற்றுப் பின்னேரம் நின்றுபோனது. நின்றுபோனது என்றும் சொல்லமுடியாது. க்ளிக் க்ளிக் என்று பற்றும், சின்னக் கண்ணாடித் துவாரத்துக்குள் நீலம் தெரியும், அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அணைந்துவிடும். திரும்பப் பற்றும், திரும்ப அணையும், பிறகு சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். இரவு முழுக்க அறைகளின் றேடியேற்றர்கள் சூடில்லாமல் செத்துக் கிடந்தன. மேலே ஆரபியின் அறையில் மட்டும் ஒரு சின்ன மின்ஹீற்றர், அதன் முன்னால் மகளும், மகள் பெற்ற மகளும். பிறந்து இன்னும் மாதம் ஆகவில்லை, தொப்பிக்குள் முகம் ஒரு பிடிதான். மருமகன் வேலைக்காக வடகடலில் எண்ணெய் மேடையில் நிற்கிறார், வருவதற்கு நாள் இருக்கிறது. இந்தக் குளிரில் பச்சைப்பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டினால் என்று நினைக்கத் தொடங்கி, நினைக்காதே என்று எனக்கே சொல்லி, அதற்குப் பதிலாக யன்னலைப் பார்க்கிறேன். வெளியே புல்லெல்லாம் வெள்ளை. விடிந்து கனநேரம், ஆனால் வெளிச்சம் வருகிறதா போகிறதா என்று சொல்லமுடியாத லண்டன் விடியல்.

நெருப்புப் பத்துது, ஆனால் பத்தினது பொயிலருக்குத் தெரியேல்லை, அதுதான் பிழை என்று காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது சொன்னார். சுடருக்குள்ளே ஒரு கம்பி நிற்குமாம், நெருப்பு இருக்கிறது என்று அந்தக் கம்பிதான் அறிவிக்குமாம். அது பழுதாகிவிட்டால், நெருப்பு இல்லாமல் காஸ் மட்டும் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறதோ என்று பயந்து பொயிலர் தானாகவே காஸைப் பூட்டிவிடும். நல்ல பயம், நான் நினைத்தேன். இந்த வீட்டில் என்னைப்போல் பயப்படுகிற இன்னொன்றும் இருக்கிறது. இவரைக் கட்டி லண்டனுக்கு வந்த முதல் மாரிக் குளிரில், வாடகை அறையில், காஸ் அடுப்புக்குக் கிட்டப் போகவே மாட்டேன். இவர் வீடு வீடாகப் பொயிலர் திருத்துகிறவர், தில்லைநாதன் என்றால் குரொய்டன் தமிழாக்களுக்குக் காஸ்காரத் தில்லை, அவருடைய மனிசி காஸுக்குப் பயம் என்று சிரிப்பார்கள். அப்போதுதான் இவர் எனக்குச் சொன்னார், "இஞ்சாரும் பவளம், காஸுக்கு உண்மையில மணமே இல்லை. இந்த அழுகின மணத்தைப் பிறகுதான் கலக்கிறவங்கள். உம்மைப்போல ஆக்கள் தப்பட்டும் எண்டு." எனக்கு அது ஆறுதலாக இருக்கவேண்டும் என்று சொன்னார், எனக்கோ அது இன்னும் பயமாகப் போயிற்று, மணம் கலக்க ஒருநாள் ஒருத்தன் மறந்துபோனால்? அதற்கும் சிரித்தார். "நான் இருக்கிறன்தானே, என்ரை மூக்கு இருக்குத்தானே." அந்த மூக்கு. தன் வேலை வானை இரண்டு வீடு தள்ளி நிறுத்தி இறங்கும்போதே இன்றைக்குக் கணவாய்க்கறி என்று சொல்லுகிற மூக்கு. தேங்காய்ப்பால் கொஞ்சம் நாள்பட்டது என்று நான் வாயில் வைக்கமுன்னமே சொல்லுகிற மூக்கு. என் கழுத்தில் வைத்து, தலை முழுகினனீரோ என்று கேட்ட மூக்கு, அதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கிறேன், கை திரும்ப ஆடுகிறது.

"கொஞ்சம் மேலை. மேலை. ஆ, அதிலை நில்லும்."

நிற்கிறேன். ஒரு திருகாணி கழன்று வருகிறது, அதை உள்ளங்கையில் போட்டுக்கொள்கிறார். பக்கத்தில் மின்னடுப்பில் ஆரபிக்குச் சரக்கு அரைத்த மீன்கறி மெல்லிய சூட்டில் இருக்கிறது, மூடி இலேசாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சுடச்சுடக் கொடுக்கவேண்டும், மிளகும் உள்ளியும் தூக்கலாக. இந்தக் கறியைத்தான் இவர் முந்தி, பத்தியக்காரிக்கு வைத்ததில் பாதியைக் களவாகச் சாப்பிடுவார். முந்தி. எல்லாம் முந்தி. வருசத் தொடக்கத்தில் ஊரெல்லாம் வந்த அந்தக் காய்ச்சல் வந்து படுத்தாரே, அதற்குப் பிறகு மனுசன் வேறு. நான் என்ன வைத்தாலும் தலையைக் குனிந்து சாப்பிடுவார், எழும்புவார், கோப்பையைக் கழுவுவார். நல்லாயிருக்கு என்றும் இல்லை, உப்புக் கூடிப்போச்சு என்றும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருநாள் ஒடியல் கூழ் காய்ச்சினேன், நண்டு, இறால், பயித்தங்காய், பிலாக்கொட்டை எல்லாம் தேடி வாங்கி, அன்றைக்கு எனக்கு ஒரு பிடிவாதம், இதற்கும் வாய் திறக்காமல் இருக்கிறாரா பார்ப்போம் என்று. குடித்தார். "சுடுது" என்றார். சுடுது! நான் குசினிக்குள் வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்துக்குள் அழுதேன். பிறகு வாசனைத் தண்ணீர். சேட்டு முழுக்க அடித்துக்கொண்டு போவார், வாசல்வரைக்கும் தலையிடிக்கும். இந்த வயதில் யாருக்கு இந்த மணம் என்று ஒரு கெட்ட யோசனை வந்தது, வந்ததற்கு வெட்கப்பட்டேன், ஆனாலும் அது போகவில்லை, உடுப்புத் தோய்க்கும்போதெல்லாம் கழுத்துப் பட்டியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, வேர்வையும் அந்தத் தண்ணீரும்தான். அதுவும் இல்லையென்றால் வேறு ஏதோ. இவருடைய தமையன் கனடாவில் தன் பிள்ளைகளின் பேரையே மாற்றிச் சொல்லுகிறாராம், அந்த மறதி குடும்பத்தில் வருமாம். நான் இரகசியமாகச் சோதித்தேன். நெல்லியடியில் உங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர் ஆர், எங்கடை கலியாணத்துக்குத் தவில் அடிச்சது ஆர், எல்லாம் டக்கென்று சொன்னார், சொல்லிவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தார். மூளை சரி. மனம் இல்லை. அப்படித்தான் முடிவுகட்டினேன், மனம் என்னை விட்டுப் போய்விட்டது, இனி இப்படியே இரண்டு பேர் ஒரு வீட்டில், றேடியேற்றர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

இரண்டாவது ஆணி வரமாட்டேன் என்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு திருகுகிறார். வாயிலிருந்து புகைபோல மூச்சு வருகிறது, எனக்கும் வருகிறது, இரண்டும் பொயிலருக்கு முன்னால் கலந்து காணாமல் போகின்றன. மணிக்கட்டு நோகிறது. அப்போது எனக்கு மணத்தது. முதலில் உள்ளி, உள்ளி எப்போதும் முதலில் காட்டிக்கொடுக்கும், இனிப்பும் கசப்பும் கலந்த ஒரு கீற்று, பிறகு மிளகு. அடி பிடிக்கத் தொடங்குகிறது. சூட்டைக் குறைக்கவேண்டும், ஆனால் ரோர்ச்சை எடுத்தால் இவர் கத்துவார், ஆணி விழும், சரி இவரே சொல்லட்டும் என்று நிற்கிறேன். இவருடைய வலது முழங்கைக்குக் கீழேதான் சட்டி. குனிந்தால் மூக்கு மூடியில் முட்டும். இதோ சொல்லுவார், பவளம் அடுப்பைப் பாரும் என்பார், இவர் சொல்லாமல் இந்த வீட்டில் எந்தச் சட்டி கருகியிருக்கிறது. ஆணியைத் திருகுகிறார். மணம் தடிக்கிறது. வெளிச்சத்தை ஒரு அங்குலம் விலக்கினேன், "நேரா, நேரா" என்கிறார், அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் எனக்குத் தட்டியது, இவருக்கு மணக்கவில்லையோ. கையை நீட்டினால் சுவிச். நான் நீட்டவில்லை. மகளுக்கென்று விடிய எழும்பி அரைத்த சரக்கு, நாலு கடை ஏறி வாங்கிய மீன், அதைக் கண்முன்னால் கருக விட்டுக்கொண்டு புருசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், எந்தப் பெண் இப்படிச் செய்வாள். மூக்கு விடைக்கவில்லை. புருவம் சுருங்கவில்லை. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அந்தக் கருகல் முழுவதும் அவருக்குள் போய் வெறுங்காற்றாகத் திரும்பி வருகிறது. எனக்கே கண் எரியத் தொடங்கிவிட்டது. கூழ். சுடுது என்றார், ஓம், சூடு மட்டும்தான் தெரிந்திருக்கும். போன கிழமை வானுக்குள் மறந்துவிட்ட மீன்பை, நான் கதவைத் திறந்ததும் ஓங்காளம் வந்தது, இவர் அதனோடு இரண்டு நாள் ஓடித்திரிந்தார். வாசனைத் தண்ணீர், எவ்வளவு அடித்தோம் என்று எப்படித் தெரியும். ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்காருகின்றன, நான் கூப்பிடாமலே. மாதக்கணக்காக நான் அழுத அழுகையெல்லாம் வேறு யாருக்கோ அழுததுபோல இருக்கிறது.

"அம்மா!" மேலேயிருந்து ஆரபியின் குரல், கதவு திறக்கிற சத்தம். "அம்மா, என்ன கருகுது? இஞ்சை அறை முழுக்க மணக்குது!"

இவர் நிமிர்ந்தார். முதலில் மேலே பார்த்தார். பிறகு சட்டியைப் பார்த்தார், மூடியின் ஓரத்தால் நூலாகப் புகை. பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவிச்சை நிப்பாட்டினேன். நான் தெரிந்துகொண்டுதான் கருக விட்டேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது, அது என் முகத்திலேயே இருந்திருக்கும்.

"ஒண்டுமில்லையம்மா, கறி அடிப்பிடிச்சிட்டுது" என்று மேலே பார்த்துச் சொன்னேன், குரல் சாதாரணமாக வந்தது, எப்படி வந்ததோ. "கதவைச் சாத்து, பிள்ளைக்குக் குளிர்."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. இவர் பொயிலர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆணி இப்போது வந்துவிட்டது, கம்பியை மெல்ல வெளியே இழுத்தார், சுண்டுவிரல் நீளமும் இல்லை, நுனி கறுத்து, வெள்ளைப் பீங்கான் காலில் மயிர்போல ஒரு வெடிப்பு. அதைத் தேவைக்கு மேல் நேரம் பார்த்தார். புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்தார், பீங்கானில் விரல் படாமல் பிடித்து, புது வளையத்தை வைத்து, உள்ளே செருகி, ஆணிகளை முறுக்கினார், ஒவ்வொன்றும் மெல்லமாக, மெல்லமாக. நான் வெளிச்சத்தை ஆடாமல் பிடித்தேன், இந்தக் காலை முழுவதும் இப்போதுதான் ஆடவில்லை. இவருடைய பையின் வாயில் தலையில் கட்டுகிற விளக்கு ஒன்று கிடந்தது. எத்தனையோ வருசமாகக் கிடக்கிறது, கூரைக்குள், மாடிப்படிக்குக் கீழே, எங்கேயும் அதைத்தான் கட்டிக்கொண்டு தனியே போவார், பிறகேன் இந்தச் சில மாதமாக வீட்டில் எதைக் கழற்றினாலும் பவளம் ரோர்ச்சைப் பிடியும், பவளம் கிட்ட வாரும். என்னைத் தேடுகிறார் என்று, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோசப்பட்டும் இருக்கிறேன். வேலை முடிய ஒவ்வொரு முறையும் கேட்பார், சும்மா கேட்பதுபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏதும் மணக்குதோ. நான் இல்லை என்பேன். அவ்வளவுக்குத்தான் நான். சரி, வீட்டில் நான் இருக்கிறேன், மற்ற வீடுகளில்? கடவுளே, மற்ற வீடுகளில் யார் நின்றது? தனியே போகிறாரே, மாடி வீடுகள், வயதான வெள்ளைக்காரிகள், பள்ளிக்கூடம்போன பிள்ளைகள் திரும்பிவரும் வீடுகள், அங்கெல்லாம் குனிந்து, முறுக்கி, மூடியைப் பூட்டி, நன்றி சொல்லி வெளியே வந்து வானில் ஏறியிருக்கிறாரே. அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நடந்திருந்தால் தெரிந்திருக்கும். இதுவரைக்கும். இதுவரைக்கும் என்ற சொல்லில் போய் மாட்டிக்கொண்டேன், அதைவிட்டு வரமுடியவில்லை.

மின்சாரத்தைப் போட்டார், காஸைத் திறந்தார். க்ளிக், க்ளிக். நீலம் பற்றியது. இரண்டு பேரும் அந்தத் துவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அணையவேண்டிய நேரம் வந்தது, அணையவில்லை. இன்னும் நின்றோம். சுவருக்குள் தண்ணீர் ஓடத் தொடங்கியது. மூடியைப் பூட்டினார், புகைபோக்கியில் குழாயைச் செருகி ஒரு மெசினைப் பார்த்தார், காஸ் ஒழுகினால் அறிவிக்கும் இன்னொரு சின்ன மெசினைக் குழாய்ப் பொருத்துகளில் எல்லாம் காட்டினார், அது சீராக ரிக் ரிக் என்றது. எல்லாம் பார்த்து முடிய, முகத்தை மற்றப்பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏதும் மணக்குதோ?"

"கருகின கறி மணக்குது."

சின்ன மெசினை நிப்பாட்டினார்.

"எப்ப துவக்கம்?" என்றேன்.

"அந்தக் காய்ச்சலோடை." கையைத் துணியில் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "மணம் திரும்பி வந்திடும் எண்டு நினைச்சன். கனபேருக்கு வந்ததுதானே. ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிக் கோப்பிப் போத்தலைத் திறந்து மணந்து பாக்கிறனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா வேலைக்கு விடமாட்டீர்."

"நான் உங்களுக்கு மனமில்லை எண்டெல்லோ நினைச்சன்," என்றேன், அவ்வளவுதான் சொல்ல நினைத்தது, ஆனால் அது நிற்கவில்லை. "எவ்வளவு பாத்துப் பாத்துச் சமைச்சன். ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் அந்தக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதிருக்கத் தேவையில்லையே."

"நீர் அழுதது எனக்குத் தெரியாது."

"தண்ணிச் சத்தம் கேட்டிருக்கும்தானே."

சின்ன மெசினைக் கையில் வைத்துக்கொண்டு, "இது பொய் சொல்லாது பவளம்" என்றார். "மூக்கை நம்பி ஆரும் வேலை செய்யிறேல்லை. பொயிலராலை வாற மணமில்லாத நச்சுப் புகைக்கு உம்மடை மூக்கும் ஒண்டுதான், என்ரை மூக்கும் ஒண்டுதான், ரெண்டுக்கும் தெரியாது."

"அப்ப ஏன் என்னைப் பக்கத்திலை நிப்பாட்டி வைக்கிறியள்?"

பொயிலர் மூடியில் கைவைத்துப் பார்த்தார். உள்ளே நெருப்பு ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. "மெசின் ஒண்டுமில்லை எண்டு சொல்லுது," என்றார், "கதவைச் சாத்திப்போட்டு வெளியிலை வாறன். வானுக்குள்ளை இருந்து அந்த வீட்டைப் பாத்துக்கொண்டே இருக்கிறன். திரும்பிப் போய் இன்னொருக்காப் பாக்கிறன். ஒருக்கா ஒரு மனிசி கேட்டுது, ஏன் தம்பி மூண்டு தரம் வந்திட்டாய் எண்டு." சிரிக்கப் பார்த்தார். "நீர் பக்கத்திலை நிண்டா எனக்கு இரவிலை நித்திரை வரும்."

நான் உங்களோடு எல்லா வீட்டுக்கும் வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. வானில் பக்கத்துச் சீற்றில் நான், மடியில் ரோர்ச், யாரும் கேட்டால் மனிசி, உதவிக்கு வருகிறா. அது நடக்கிற காரியம் இல்லை. "மற்றவையின்ரை வீட்டுக்கு என்ரை மூக்கைக் கொண்டு திரியேலாதப்பா" என்றேன். கடுமையாகச் சொல்ல நினைத்தேன், அப்படி வரவில்லை.

தலையாட்டினார். கதிரையை இழுத்து இருந்து, போனை எடுத்து, திங்கட்கிழமை வரச்சொன்ன வீட்டுக்கு அடித்தார். நான் வரேலாது, எனக்குத் தெரிந்த நல்ல ஆள் ஒருவரை அனுப்புகிறேன் என்று இங்கிலீசில் சொன்னார். ஏன் என்று கேட்டிருக்கவேண்டும், "கொஞ்சம் சுகமில்லை" என்றார், இவர் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டதேயில்லை, காய்ச்சலில் கிடந்தபோதுகூட. அடுத்த வீட்டுக்கு அடித்தார். அதற்கடுத்த வீட்டுக்கும். ஒவ்வொருவருக்கும் அதே சொல், ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் கொஞ்சம் தேய்ந்து. நான் கருகிய சட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், இவருடைய முகத்தை அப்போது பார்க்கக்கூடாது என்று இருந்தது. இவருக்கு வேறென்ன தெரியும்? ஐம்பத்தெட்டு வயதில் இனி என்ன பழகுவார்? காலையில் வான் கிளம்புகிற சத்தம் இல்லாத இந்த வீட்டில் இந்த மனுசன் எங்கே இருப்பார், எந்த யன்னலால் பார்ப்பார்? நான்தானே சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்கமாட்டேன், சொன்னதற்கும் மன்னிக்கப்போவதில்லை. றேடியேற்றர் டிக் டிக் என்று விரியத் தொடங்கியது. கைவைத்துப் பார்த்தேன், சூடு வருகிறது.

வீடு கொஞ்சம் சூடாக ஆரபி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். "வந்திட்டுதே அப்பா? நீங்கள் இருக்க எங்களுக்கென்ன" என்றாள், சொல்லிவிட்டுப் பிள்ளையை இவருடைய மடியில் வைத்தாள், முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று திரும்ப மேலே ஏறினாள். இவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பிள்ளையின் தொப்பியை மெல்லக் கழற்றினார், பிறந்த நாள்தொட்டு வீட்டுக்கு வருகிற எல்லோரும் செய்வதுபோலக் குனிந்து அந்த உச்சியில் மூக்கை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். பிள்ளை கையை விரித்து அவருடைய தாடையைத் தட்டியது. பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை என்னமாதிரி மணக்கிறாள் பவளம்?"

நான் கிட்டப் போய்க் குனிந்தேன். அந்த மணம் என் நெஞ்சு முழுக்க ஏறியது. பால் என்று சொல்ல வாயெடுத்தேன், பால் இல்லை. அரிசிமா வறுக்கிற மணம் என்றேன், அதுவும் இல்லை. தோய்த்துக் காயப்போட்ட பருத்திச்சீலை, இல்லை. அவர் தலையைச் சாய்த்து, ஒரு சொல்லையும் தவறவிடக்கூடாது என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். "பொறுங்கோ," என்றேன், "பொறுங்கோ, சொல்லுறன்," திரும்பவும் குனிந்தேன்.